நீங்க சொல்றீங்களா, அது சொல்லுதா?

"இந்த விலையை நீங்க சொல்றீங்களா தம்பி, அது சொல்லுதா?"

நான் வீடு விற்றுக் கொடுக்கும் தரகர். வீட்டு விலையைக் கணிக்கும் மென்பொருள் ஓடும், என் கையில் இருந்த டேப்லெட்டைக் காட்டித்தான், வீட்டை விற்க என்னை அழைத்த அந்த அம்மா கேட்டார். "ரெண்டும் ஒண்ணுதாம்மா" என்றேன். வீடு விற்று 7 மாதம் ஆகிறது. பணம் அவர் கைக்குப் போய்விட்டது, குறை என்று ஒரு வார்த்தை அவர் சொல்லவில்லை. நான்தான் அந்தப் பதிலை இன்னும் விட முடியாமல் இருக்கிறேன்.

இரண்டும் ஒன்றில்லை. வீட்டைச் சுற்றிப் பார்த்து முடிக்கும்போதே என் மனதில் ஒரு தொகை வந்திருந்தது, மென்பொருள் சொன்னதைவிட 8% போல அதிகம். கூரையில் நீர்க்கசிவை முழுக்கச் சரிசெய்திருந்தார், ஒயரிங் புதிது, சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவே இருந்த சுவரை எடுத்ததில் காலை வெளிச்சம் பின் அறை வரைக்கும் போனது. இதெல்லாம் அந்த மென்பொருளுக்கு எப்படித் தெரியும்? சதுர அடி, அறைகளின் எண்ணிக்கை, கட்டிய ஆண்டு, அக்கம்பக்கத்தில் சமீபத்தில் விற்ற வீடுகள், இவற்றை வைத்துக்கொண்டுதான் அது கணக்குப் போடுகிறது. வெளிச்சத்தைப் பார்த்தவன் நான்.

பிறகு ஏன் சொல்லவில்லை? அதற்கு முந்தைய ஆண்டு ஒரு குடும்பத்துக்கு என் கண்ணை நம்பி விலை வைத்தேன். வீடு 5 மாதம் அப்படியே கிடந்தது. வாங்க வருபவர்கள் இப்போது முதலில் என்னிடம் வருவதில்லை, போனில் விலை வரம்பைப் போட்டுத் தேடுகிறார்கள், நாம் வைத்த விலை அந்த வரம்பைக் கொஞ்சம் தாண்டினாலும் வீடு அவர்கள் கண்ணிலேயே படாது. போனிலேயே வீட்டைச் சுற்றிப் பார்க்க முப்பரிமாணப் படம் எடுத்தோம், ட்ரோன் படம் எடுத்தோம், ஒன்றும் நடக்கவில்லை. மூன்று முறை விலையைக் குறைத்து, கடைசியில் மென்பொருள் முதல் நாள் சொன்னதற்கும் கீழேதான் போனது. அந்தக் குடும்பம் அதுவரை விற்காத வீட்டுக்கும் குடிபோன இடத்துக்கும் சேர்த்துச் செலவு செய்தது. அந்த அம்மாவுக்கும் அப்படி ஆகக்கூடாது என்று நினைத்தேன். உண்மையாகவே நினைத்தேன். ஆனால் கூடவே இன்னொன்றும் இருந்தது: மென்பொருள் சொன்ன விலை தவறினால் யாரும் என்னைக் கேட்கப் போவதில்லை.

எங்கள் தொழிலில் இந்தப் பேச்சு வந்தால் உடனே ஜில்லோவைச் சொல்வோம். 2006ல் வீட்டு விலைக் கணிப்பை எல்லோருக்கும் திறந்துவிட்ட அமெரிக்க நிறுவனம், 2018ல் தானே வீடுகளை வாங்கி விற்க இறங்கியது. 2021 நவம்பரில் அந்தப் பிரிவை மூடுவதாக அறிவித்தது. ஒரே காலாண்டில் கையிலிருந்த வீடுகளின் மதிப்பை 30 கோடி டாலருக்கு மேல் குறைத்து எழுத வேண்டி வந்தது. பார்த்தீர்களா, இயந்திரத்தை நம்பினால் இப்படித்தான் என்று நானும் பலரிடம் சொல்லியிருக்கிறேன். ஆனால் அங்கே நடந்தது அதிக விலைக்கு வாங்கிப் போட்டது. என் விஷயம் நேர் எதிர். அந்தக் கதை எனக்கு உதவாது, அதைச் சொல்லி நான் தப்பிக்கவும் முடியாது.

என்னை அதிகம் உறுத்துவது வேறு. அதே நிறுவனம் தன் கணிப்பின் பிழை அளவைத் தானே வெளியிடுகிறது: விற்பனைக்கு வராத வீடுகளுக்கு இடைநிலைப் பிழை (பாதி வீடுகளில் பிழை இதைவிடக் குறைவு, பாதியில் அதிகம்) ஏறத்தாழ 7%, விற்பனைப் பட்டியலில் வந்த வீடுகளுக்கு ஏறத்தாழ 2%. பட்டியலுக்கு வந்ததும் எப்படி இவ்வளவு துல்லியம்? நாம் கேட்கும் விலையையும் அது கணக்கில் எடுத்துக்கொள்கிறது. அதாவது நான் அதைப் பார்த்துச் சொல்கிறேன், அது என்னைப் பார்த்துச் சொல்கிறது. இதில் வீட்டை யார் பார்த்தது?

பட்டியல் போட்ட முதல் நாளே கேட்ட விலைக்கு ஒருவர் வந்தார். "எடுத்துக்கலாமா தம்பி?" என்றார் அம்மா. நல்ல ஆஃபர் என்றேன். மறுநாள் இன்னும் இரண்டு பேர் அழைத்தார்கள். அவர்கள் கூடுதலாகக் கொடுத்திருப்பார்களா, பார்த்துவிட்டுப் போயிருப்பார்களா, தெரியாது. சீக்கிரம் முடிந்ததில் அவருக்கு நிம்மதிதான், மகள் வீட்டுக்குப் போக அவசரப்பட்டுக்கொண்டிருந்தார். அப்போ சரிதானே என்று ஒரு நாள் தோன்றுகிறது. அடுத்த நாளே, அவர் கேட்டது விலையை இல்லை, என்னைத்தான் என்று தோன்றுகிறது. "அது இவ்வளவு சொல்லுது, எனக்கு இன்னும் கொஞ்சம் கேட்கலாம்னு படுது, ஆனா போன தடவை நான் தப்பா கணிச்சேன்" என்று மூன்றையும் சொல்லி, முடிவை அவரிடம் விட்டிருக்கலாம். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது.

போன வாரம் அதே தெருவில் இன்னொருவர் வீட்டை விற்க அழைத்தார். போவதற்கு முன் மதிப்பீட்டு அறிக்கையை எடுத்தேன். ஒப்பீட்டு விற்பனைகளில் முதல் வரியில் அந்த அம்மாவின் வீடு இருந்தது, நான் வைத்த விலையோடு. டேப்லெட்டைக் காரிலேயே வைத்துவிட்டு உள்ளே போனேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "ஆன்லைன்ல எவ்வளவு காட்டுது?"