முதல் டெர்மில் எத்தனை பாடம்?

ஐஐடி மெட்ராஸின் ஆன்லைன் பி.எஸ். டேட்டா சயின்ஸ் படிப்பில் சேரும் பிள்ளைகள், குவாலிஃபையர் என்கிற தகுதித் தேர்வு ரிசல்ட் வந்த கையோடு என்னிடம் கேட்பது இதைத்தான்: இந்த டெர்மில் எத்தனை கோர்ஸ் எடுக்கட்டும்? பல்லடம், திருப்பூர் பக்கம் ஐடியில் வேலை பார்க்கிறவள் என்பதால், சொந்தக்காரர்களின் பிள்ளைகள், அவர்களுடைய சிநேகிதர்கள், பக்கத்துத் தெருக்காரர்கள் என்று யார் யாரோ போன் நம்பர் வாங்கிக் கூப்பிடுகிறார்கள். பெரும்பாலானவர்களுக்கு நான் சொல்லும் பதில் இரண்டு. சொன்னதும் எதிர்முனையில் குரல் இறங்கிவிடும். நாலு எடுக்க அனுமதி இருக்கும்போது எதற்கு ரெண்டு என்று அப்பாக்கள் போனை வாங்கிப் பேசுகிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

விவரம் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். 2020-ல் தொடங்கிய படிப்பு இது. ஜேஇஇ நுழைவுத் தேர்வு எழுதியே தீர வேண்டும் என்பதில்லை. நாலு வாரம் பாடம் நடத்தி, வாராவாரம் அசைன்மென்ட் வாங்கி, கடைசியில் குவாலிஃபையர் என்று ஒரு தேர்வு வைத்து, தேறியவர்களை ஃபவுண்டேஷன் நிலையில் சேர்த்துக்கொள்கிறார்கள். அதில் எட்டுப் பாடம், பாடத்துக்கு 4 கிரெடிட், ஆக 32. பி.எஸ். பட்டம் வரை போக 142 கிரெடிட் வேண்டும்; நடுவில் டிப்ளமோ, பி.எஸ்சி. என்று நிறுத்திக்கொள்ளவும் வழி இருக்கிறது. வருஷத்துக்கு மூன்று டெர்ம், ஜனவரி, மே, செப்டம்பர். வீடியோவை வீட்டிலிருந்தே பார்க்கலாம், ஆனால் டெர்முக்கு நடுவில் வரும் குவிஸையும், கடைசியில் வரும் என்ட் டெர்ம் தேர்வையும் தேர்வு மையத்துக்கு நேரில் போய்த்தான் எழுத வேண்டும். ஃபவுண்டேஷனில் ஒரு டெர்முக்கு அதிகபட்சம் நாலு பாடம். முதல் டெர்மில் நாலும் எடுக்க விடுவார்களா என்பது குவாலிஃபையர் மார்க்கைப் பொறுத்தது. அந்த எல்லைக்குள் எத்தனை எடுப்பது என்பது முழுக்க மாணவர் கையில்.

இந்த "மாணவர் கையில்" என்பதுதான் நம் பிள்ளைகளுக்குப் புதுசு. பன்னிரண்டு வருஷம் பள்ளிக்கூடத்தில் யாரும் அவர்களிடம் இந்த வருஷம் எத்தனை பாடம் படிக்கிறாய் என்று கேட்டதில்லை. கல்லூரியிலும் அப்படித்தான்; அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 பாடத்திட்டப்படி பி.இ. சேர்கிற பையனுக்கு முதல் செமஸ்டரில் ஆங்கிலம், கணிதம், இயற்பியல், வேதியியல், பைத்தான் புரோகிராமிங், தமிழர் மரபு எல்லாம் மொத்தமாக வந்து சேர்ந்துவிடும், அவன் டிக் போடுவதற்கு எதுவுமே இருக்காது. பதினெட்டு வயதில் முதன்முதலாக ஒரு திரையில் கட்டம் கட்டமாகப் பாடங்களைக் காட்டி நீயே தேர்ந்தெடு என்றால், எத்தனை கட்டத்தில் டிக் போட முடியுமோ அத்தனையிலும் போடத்தான் கை போகும். குறைத்து எடுப்பவன் படிப்பில் சுமார் என்று ஒரு நினைப்பும் கூடவே வந்துவிடுகிறது. வீட்டில் அதை ஊதிப் பெரிதாக்கவும் ஆள் இருக்கிறது.

என் அக்கா மகள் போன செப்டம்பர் டெர்மில் சேர்ந்தாள். கோவையில் ஒரு கல்லூரியில் பி.எஸ்சி. கணிதம் முதல் வருஷம், கூடவே இது. (ஒரே நேரத்தில் இரண்டு பட்டம் படிக்கலாம் என்று யுஜிசி 2022 ஏப்ரலில் அனுமதித்த பிறகு இப்படிப் படிக்கிறவர்களை நிறையவே பார்க்கிறேன்.) குவாலிஃபையரில் நல்ல மார்க், நாலு பாடமும் எடுக்கலாம் என்று வந்துவிட்டது.

"நாலையும் போட்டுறட்டுங்களா சித்தி?"

"போடலாம் கண்ணு. மொதல்ல ஒரு நோட்டை எடுத்துட்டு வந்து உக்காரு."

ஒரு பாடத்துக்கு வாரத்துக்குச் சுமார் 10 மணி நேரம் வேண்டும் என்று அவர்களே சொல்கிறார்கள். நாலு பாடம் என்றால் 40 மணி நேரம், அதாவது ஒரு முழுநேர வேலை. அவளிடம் எத்தனை மணி நேரம் இருக்கிறது என்று எழுதச் சொன்னேன். காலையில் ஏழேகால் பஸ், சாயங்காலம் வீடு திரும்ப ஆறு மணி. முகம் கழுவி, டீ குடித்து, அம்மாவுக்குக் கொஞ்சம் கைகொடுத்துவிட்டு உட்கார்ந்தால் ஏழரையிலிருந்து பத்து வரை, ரெண்டரை மணி நேரம். அஞ்சு நாளைக்குப் பன்னிரண்டரை. அதில் கல்லூரி அசைன்மென்ட், ரெக்கார்டு என்று மூன்று மணி நேரம் போய்விடும். சனிக்கிழமை அஞ்சு, ஞாயிற்றுக்கிழமை ஆறு. பஸ்ஸில் தினமும் ரெண்டரை மணி நேரம் வீடியோ பார்ப்பேன் என்று தனியாக ஒரு வரி போட்டிருந்தாள். காலையில் பல்லடத்தில் ஏறி உட்கார இடம் கிடைக்கிறதா என்று கேட்டேன், சிரித்துவிட்டு அந்த வரியை அவளே அடித்தாள். மிச்சம் இருபதரை மணி நேரம். இருபதை பத்தால் வகுத்துப் பார்த்துவிட்டு நோட்டை மூடினாள். இதில் நான் புத்திமதி சொல்ல வேண்டிய அவசியமே வரவில்லை.

பத்து மணி நேரமெல்லாம் ஆகாது, ஒன்றரை மடங்கு வேகத்தில் வீடியோவை ஓட்டினால் நாலில் முடியும் என்று சிலர் சொல்வார்கள். வீடியோ முடியும், பாடம் முடியாது. கம்ப்யூட்டேஷனல் திங்கிங் என்று ஒரு பாடம் இருக்கிறது, முதல் இரண்டு வாரம் கடை பில், மாணவர் மார்க் எல்லாவற்றையும் சீட்டுச் சீட்டாக வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்து எண்ணுவது எப்படி என்று நடத்துவார்கள், பார்த்தால் எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கே புரியும். அதே சீட்டுகளை வைத்துத்தான் போகப் போக ஒரு லூப்புக்குள் இன்னொரு லூப், அப்புறம் கிராஃப், ரிகர்ஷன் என்று ஏறும். முதல் வாரத்து வேகத்தை வைத்துக் கணக்குப் போட்டவர்கள் அங்கேதான் திணறுகிறார்கள். தமிழ் வழியில் படித்து வந்த பிள்ளைகளுக்கு இன்னும் நேரம் வேண்டும், ஏனென்றால் அவர்கள் முதலில் வாக்கியத்தைப் புரிந்துகொண்டு அப்புறம் கணக்குக்குப் போகிறார்கள். அவர்கள் பத்தைப் பன்னிரண்டாக வைத்துக்கொள்வது நல்லது. இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. இரண்டு டெர்ம் போனால் அந்த வித்தியாசம் தானாகக் கரைவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

சரி, இரண்டு என்று முடிவாகிவிட்டது, எந்த இரண்டு? எண்ணிக்கையைவிட இதற்குத்தான் அதிகம் யோசிக்க வேண்டும் என்பேன். மேத்ஸ் 1 முடித்தால்தான் மேத்ஸ் 2. ஸ்டாட்ஸ் (புள்ளியியல்) 2 எடுக்க ஸ்டாட்ஸ் 1, மேத்ஸ் 1 இரண்டும் வேண்டும். பைத்தானுக்கு முன்னால் கம்ப்யூட்டேஷனல் திங்கிங். ஆங்கிலம் 1-க்குப் பிறகு ஆங்கிலம் 2. இதைத் தாளில் கோடு போட்டு வரைந்து பாருங்கள், மேத்ஸ் 1-லிருந்து இரண்டு கோடு கிளம்பும். அதனால் முதல் டெர்மில் மேத்ஸ் 1 கட்டாயம் இருக்கட்டும், அதைத் தள்ளிப் போட்டால் பின்னால் இரண்டு பாடம் காத்துக்கொண்டு நிற்கும். கணக்கு வருகிற பிள்ளை என்றால் கூட கம்ப்யூட்டேஷனல் திங்கிங் எடுக்கலாம், அடுத்த டெர்மில் பைத்தான் திறந்துவிடும். பன்னிரண்டாம் வகுப்பில் கணக்கு எடுக்காமல் காமர்ஸ் குரூப்பிலிருந்து வந்தவர்கள் மேத்ஸ் 1-உடன் ஆங்கிலம் 1 வைத்துக்கொள்ளலாம். பயத்தில் ஆங்கிலத்தையும் கம்ப்யூட்டேஷனல் திங்கிங்கையும் முதலில் முடித்துவிட்டு கணக்கை அப்புறம் பார்க்கலாம் என்பவர்களைக் கண்டால்தான் எனக்குக் கவலை. அந்த அப்புறம் வரும்போது கணக்கு விட்டுப்போய் இன்னும் ஒரு வருஷம் கூடியிருக்கும்.

அடுத்தது காலண்டர். ரெகுலர் கல்லூரியில் படித்துக்கொண்டே இதைப் படிக்கிறவர்கள் யாரும் இதைப் பார்ப்பதில்லை என்பது என் நீண்ட நாள் ஆதங்கம். மூன்று டெர்மும் ஒரே கனம் கிடையாது. செப்டம்பர் டெர்மின் குவிஸ்கள் அக்டோபர், நவம்பர் பக்கம் வரும், என்ட் டெர்ம் டிசம்பரில். நம் கல்லூரிகளில் செமஸ்டர் தேர்வு எப்போது? அதே நவம்பர், டிசம்பர். நடுவில் தீபாவளி வேறு. ஜனவரி டெர்மும் ஏப்ரல், மே செமஸ்டர் தேர்வோடு போய் இடிக்கும். மே டெர்ம் மட்டும்தான் கோடை விடுமுறையில் ஆரம்பித்து ஆகஸ்ட் கடைசியில் முடிகிறது, அந்த மாதங்களில் கல்லூரியில் பெரிய தேர்வு எதுவும் இருக்காது. ஆகவே செப்டம்பரில் இரண்டு, ஜனவரியில் இரண்டு, மேயில் மூன்று அல்லது நாலு என்று வைத்துக்கொண்டால் ஒரு வருஷத்துக்குள் ஃபவுண்டேஷன் முடிகிறது அல்லது ஒரே ஒரு பாடம் மிஞ்சுகிறது. நாலு நாலாகப் போட்டு, டிசம்பரில் கல்லூரியில் ஒரு அரியரும் இங்கே இரண்டு பாடத்தில் தோல்வியுமாக நிற்பவர்களைவிட இவர்கள் பின்தங்கிப் போவதில்லை.

பணத்தையும் பேசிவிடுகிறேன், நம் வீடுகளில் அது பேசாமல் போகிற விஷயம் இல்லை. கட்டணம் பாடத்துக்குப் பாடம், எத்தனை எடுக்கிறீர்களோ அத்தனைக்கு. தொடங்கிய காலத்தில் ஃபவுண்டேஷனில் ஒரு பாடத்துக்கு 4,000 ரூபாய், எட்டுக்கும் சேர்த்து 32,000. பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகளுக்குச் சலுகை உண்டு, மற்றவர்களில் சில பிரிவினருக்கும் குடும்ப வருமானம் ஆண்டுக்கு 5 லட்சத்துக்குள் இருந்தால் பாதியோ முக்காலோ குறையும். வருமானச் சான்றிதழை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், பதிவு செய்யும் வாரத்தில் இ-சேவை மையத்துக்கு ஓடாதீர்கள். தேறாமல் போனால் அதே பாடத்துக்கு மறுபடி பதிவு செய்து மறுபடி கட்ட வேண்டும். அதோடு முடியவில்லை. அடுத்த டெர்மில் எத்தனை எடுக்க விடுவார்கள் என்பதையும் இந்த டெர்மில் எப்படித் தேறினீர்கள் என்பதை வைத்துத்தான் முடிவு செய்கிறார்கள். நாலு எடுத்து இரண்டில் தவறியவருக்கு அடுத்த முறை கதவு சுருங்கும். இரண்டு எடுத்து இரண்டிலும் நன்றாகத் தேறியவருக்கு விரியும். கிரேடும் அப்படித்தான். எஸ் வாங்கினால் 10 புள்ளி, ஈ வாங்கினால் 4, இடையில் மற்றவை. நாலு ஈ வைத்துக்கொண்டு டிப்ளமோ நிலைக்குப் போகிறவர், அங்கே மெஷின் லேர்னிங் பாடங்களில் மேத்ஸ் 2-வை மறுபடி முதலிலிருந்து படிக்க வேண்டிவரும்.

எல்லோருக்கும் இரண்டு என்று நான் சொல்லவில்லை. வேறு கல்லூரி இல்லாமல் இதை மட்டுமே படிக்கிறவர்கள் நாலு எடுக்கத்தான் வேண்டும், இல்லாவிட்டால் பகல் பொழுது வீணாகிறது, பழக்கமும் கெட்டுப்போகும். எனக்குத் தெரிந்த ஒரு பையன் பிளஸ் டூ முடித்ததும் பனியன் கம்பெனியில் செக்கிங்கில் சேர்ந்துவிட்டான், சீசனில் ஒன்றரை ஷிப்ட் பார்க்க வேண்டும். அவன் ஒரு டெர்மில் ஒரே ஒரு பாடம்தான் எடுத்தான். ஸ்டாட்ஸ் 1. அதில் ஏ வாங்கினான். அவன் அப்பாவிடம் நான் எடுத்துச் சொன்னது இதுதான்: ஃபவுண்டேஷனை முடிக்க 3 வருஷம் வரை, பட்டத்தை முடிக்க 8 வருஷம் வரை அவகாசம் கொடுத்திருக்கிறார்கள் என்றால், இவனைப் போன்ற பிள்ளைகளையும் மனதில் வைத்துத்தான் கொடுத்திருக்கிறார்கள். அந்த அவகாசம் அவனுக்கு உரியது. பெற்றோர் தயவுசெய்து பக்கத்து வீட்டுப் பையன் நாலு எடுத்தான் என்பதைச் சாப்பாட்டு நேரத்தில் எடுக்காதீர்கள்.

அக்கா மகள் மேத்ஸ் 1, கம்ப்யூட்டேஷனல் திங்கிங் இரண்டிலும் தேறிவிட்டாள். ஜனவரியில் மூன்று எடுக்கலாமா என்று இப்போது கேட்கிறாள். பைத்தானில் என்ட் டெர்மோடு ஓபிபிஇ என்று கேமரா முன்னால் உட்கார்ந்து புரோகிராம் எழுதும் தேர்வும் உண்டு. அதற்கு வீட்டில் ஒழுங்கான லேப்டாப்பும் இன்டர்நெட்டும் வேண்டும், தினமும் கொஞ்சமாவது கை பழக வேண்டும். அதனால் பைத்தானும் ஸ்டாட்ஸ் 1-ம் உறுதி, மூன்றாவதாக ஆங்கிலம் 1 வேண்டுமா என்பதைக் கல்லூரியின் இன்டர்னல் தேதிகள் கைக்கு வந்ததும் பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறேன். தேதி வந்ததும் நோட்டோடு வருகிறேன் என்றிருக்கிறாள்.