நம் மரங்களைத் தேடி வராத பூஞ்சை

ரப்பர் மரங்கள் இலையுதிர்த்துத் துளிர்க்கும் காலத்தில், செம்பு நிறத்தில் தொங்கும் கொழுந்துகளின் மேல் வெள்ளைப் பொடி படிந்து, அவை முற்றுவதற்குள் கொட்டிப்போவதை மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் பால் வெட்டிய பலரும் பார்த்திருப்பார்கள். அந்தப் பூஞ்சைக்குக் கந்தகத் தூள் அடித்துச் சமாளித்துவிடலாம். தோட்டத்துறை உண்மையிலேயே அஞ்சுவது, இங்கு இதுவரை கால் வைக்காத அதன் தூரத்து உறவுக்காரனான தென்னமெரிக்க இலைக்கருகல் நோய்ப் பூஞ்சைக்குத்தான்.

சூடோசெர்கோஸ்போரா யூலை எனப்படும் இப்பூஞ்சை, நுண்ணிய பைகளுக்குள் எட்டெட்டு வித்துகளை உருவாக்கும் பைப்பூஞ்சை வகையைச் சேர்ந்தது. ரப்பர் மரத்தையும் அதன் நெருங்கிய இனங்களையும் தவிர வேறெதிலும் இது பிழைப்பதில்லை. இளங்கொழுந்தின் அடிப்புறத்தில் சாம்பல் கலந்த பச்சைத் திட்டுகளாகத் தொடங்கி, இலையைச் சுருட்டி உதிர்த்துவிடும். தப்பி முற்றிய இலையின் மேற்புறத்திலோ கறுப்புப் புள்ளிகள் வளையம் வளையமாகப் புடைத்து நிற்க, தடவினால் உப்புத்தாளைப் போலச் சொரசொரக்கும். மீண்டும் மீண்டும் துளிர்த்து உதிர்த்தே மரம் சக்தியிழந்து, கிளைநுனியிலிருந்து பட்டுப்போகும்.

அமேசான் காட்டில் ரப்பர் மரங்கள் ஒன்றுக்கொன்று வெகு தொலைவில் நிற்பதால் நோய் அங்கே அடங்கிக் கிடக்கிறது. நிரை பிடித்து நட்டால் கதையே வேறு. பிரேசிலில் 1928-இல் ஃபோர்டு நிறுவனம் தொடங்கிய ஃபோர்ட்லாண்டியா ரப்பர் தோட்டத்தில், மரங்களின் தலைகள் ஒன்றோடொன்று கூடிய பிறகு நோய் வேகமாகப் பரவியது. 1934-இல் பெல்தெரா என்ற இன்னொரு தோட்டத்தில் புதிதாக நட்டும் பயனில்லாமல், 1945-இல் இரண்டையும் பிரேசில் அரசிடமே விற்றுவிட்டு வெளியேறினார்கள்.

இங்கோ, லண்டன் கியூ தாவரவியல் பூங்காவிலிருந்து 1877-இல் சிங்கப்பூர் வந்த 22 கன்றுகளில் 9, பக்கத்து ஊரான கோலகங்சாரில் நடப்பட்டன. கன்றுகள் வந்தன, பூஞ்சை வரவில்லை. நம் முன்னோர் கப்பலேறி வந்து பிழைத்த தோட்டத் தொழில் இந்த அளவுக்குப் பெருகியதற்கு, துரைமார்களின் திறமையைவிட இந்தத் தற்செயலுக்கே அதிகப் பங்குண்டு என்பேன். ஆனால், குறுகிய விதைவழியில் பெருகிய நம் மரங்களில் பெரும்பாலானவற்றுக்கு இந்நோயைத் தாங்கும் சக்தி கிடையாது.

அதனால்தான், இவ்வட்டார நாடுகள் 1956-இல் செய்துகொண்ட தாவரப் பாதுகாப்பு ஒப்பந்தத்தில் இந்த ஒரே நோய்க்காகத் தனிப் பின்னிணைப்பு சேர்க்கப்பட்டது. எண்ணெய் தரும் செம்பனை வந்து ரப்பர் காடுகள் சுருங்கிவிட்டன என்று சொல்லி இதை ஒதுக்கிவிட முடியாது. மீந்திருக்கும் ரப்பரில் பெரும்பகுதி, மருந்தடிக்கும் செலவைத் தாங்க முடியாத சிறுதோட்டக்காரர்களின் கையில்தான் இருக்கிறது.