சித்தியின் கையும் ஊரின் வைத்தியமும்

போடியில் ஏலக்காய் தரம் பிரிக்கும் பெண்கள் கை வலிக்கிறது என்றால், "வேலை அப்படி" என்று ஊர் முடித்துவிடும். என் சித்திக்கு வந்திருப்பது முடக்குவாதம். உடலின் எதிர்ப்பு சக்தியே மூட்டின் உட்சவ்வைத் தாக்குகிற நோய். ஏலக்காய் மீது பழி போடாதீர்கள்.

காலையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் விரல்கள் மடங்குவதில்லை. இரண்டு கைகளிலும் விரலின் அடிமூட்டும் நடுமூட்டும் வீங்கியிருக்கின்றன. நகத்தை ஒட்டிய மூட்டை இந்நோய் பெரும்பாலும் விட்டுவிடும். (அங்கே முடிச்சு விழுந்தால் அது பெரும்பாலும் தேய்மானம், வேறு கதை.) சிகிச்சை தள்ளிப்போனால் விரல்கள் சுண்டுவிரல் பக்கமாகச் சாய்ந்துவிடலாம்.

இந்நோய்க்குத் தரும் மெத்தோட்ரெக்சேட் மாத்திரை வாரத்தில் ஒரு நாள் மட்டும். தினமும் விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. சித்தி காலண்டரில் திங்கட்கிழமைகளை வட்டமிட்டு வைத்திருக்கிறார்.

போடிமெட்டு ஏறிப் போய் எண்ணெய் தேய்த்துவரச் சொல்லும் மாமாக்களே, சித்தி தேய்த்துக்கொள்ளட்டும். மாத்திரையை நிறுத்தச் சொல்ல மட்டும் வீட்டுக்கு வராதீர்கள்.