ஒரு ஸ்காட்லாந்துக்காரரும் என் தம்மாம் சித்தப்பாவும்

"அங்க வேலை கிடைக்காதவன்தானே மச்சான் இங்க வருவான்?" ஒவ்வொரு சீசனிலும் என் நண்பன் இதைக் கேட்பான். ஆட்டத்துக்கு முன்னால் பெரியமேட்டில் டீ குடிக்கும்போது கேட்பான், தோற்றுவிட்டு சென்ட்ரல் பக்கம் நடக்கும்போது இன்னும் சத்தமாகக் கேட்பான். ஐஎஸ்எல் என்கிற இந்தியக் கால்பந்து லீக்கில் ஆடுகிற நம்ம ஊர் கிளப்பான சென்னையின் எஃப்சி-க்கு வந்த அத்தனை வெளிநாட்டுக் கோச்சுகளைப் பற்றியும் அவனுடைய மொத்த ஆராய்ச்சி இவ்வளவுதான். நானும் பல தடவை தலையாட்டியிருக்கிறேன். ஆனால் எங்கள் வீட்டிலேயே ஒருவர் வெளிநாட்டில் வேலை பார்த்தவர், என் சித்தப்பா, சவூதியில் தம்மாமில் இருபத்திரண்டு வருஷம் ஏசி மெக்கானிக். அவரைப் பார்த்து யாரும் இப்படிக் கேட்டதில்லை. கேட்டால் சித்தி விளக்குமாற்றை எடுப்பார்.

இரண்டு தடவை நம்ம கோச்சாக இருந்த ஓவன் கோய்லின் கதையை எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன், ஏனென்றால் நண்பனின் கேள்விக்கு அவர்தான் சரியான உதாரணம், அவன் பக்கத்துக்கும் சரி, என் பக்கத்துக்கும் சரி.

முதலில் அவன் பக்கம். கோய்ல் ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லியில் 1966-இல் பிறந்தவர். 2009 மே மாதம் வெம்ப்ளியில் ஷெஃபீல்ட் யுனைடெட்டை 1-0 என்று தோற்கடித்து, பர்ன்லி என்கிற சின்ன ஊர் கிளப்பை 33 வருஷத்துக்குப் பிறகு இங்கிலாந்தின் முதல் டிவிஷனுக்குக் கொண்டுபோனார். அதே ஆகஸ்டில் பர்ன்லி தன் சொந்த மைதானத்தில் மான்செஸ்டர் யுனைடெட்டையும் 1-0 என்று சாய்த்தது. அந்த ஊரில் அவர் சாமி மாதிரி. ஆனால் 2010 ஜனவரியில், சீசன் பாதியில் இருக்கும்போது, தான் முன்பு ஆடிய போல்டனுக்கு வேலைக்குப் போய்விட்டார். பர்ன்லிக்காரர்கள் யூதாஸ் என்று திட்டினார்கள், அந்த சீசன் முடிவில் அந்த அணி கீழே இறங்கவும் செய்தது. 2012-இல் போல்டனும் இறங்கியது. அப்புறம் விகனில் ஆறு மாதம்தான். அமெரிக்காவில் ஹூஸ்டன், திரும்பி வந்து பிளாக்பர்ன், ஸ்காட்லாந்தில் ராஸ் கவுன்டி, எதுவுமே இரண்டு வருஷத்தைத் தொடவில்லை. 2018 மார்ச்சுக்குப் பிறகு கையில் வேலையே இல்லை.

ஒன்றே முக்கால் வருஷம் சும்மா இருந்த ஒருவர் 2019 டிசம்பரில் சென்னையில் வந்து இறங்கினால் நண்பன் என்ன சொல்வான் என்று எழுதவே தேவையில்லை.

அவருக்கு முன்னால் இருந்தவர் ஜான் கிரகரி. இங்கிலாந்துக்கு ஆடியவர், ஆஸ்டன் வில்லா மேனேஜராக இருந்தவர், அப்புறம் இஸ்ரேல், கஜகஸ்தான் என்று சுற்றிவிட்டு இங்கே வந்து 2018 மார்ச்சில் பெங்களூருக்காரர்களை அவர்கள் ஊரிலேயே 3-2 என்று தோற்கடித்து ஐஎஸ்எல் கோப்பையை வாங்கிக் கொடுத்தவர். அடுத்த சீசன் அதே மனிதர், அதே அணி, பத்து அணிகளில் பத்தாவது இடம். (அந்த வருஷம் நான் போட்ட பஸ் காசைத் திருப்பிக் கேட்க ஆளில்லை.) 2019-20 சீசனும் மோசமாகத் தொடங்க, நவம்பர் கடைசியில் அவரே விலகினார்.

இங்கேதான் எனக்குப் பிடித்த விஷயம். கோய்ல் வந்தபோது அணியில் இருந்த ஒரு வீரரைக்கூட அவர் தேர்ந்தெடுக்கவில்லை. வால்ஸ்கிஸ், கிரிவெல்லாரோ, கோயான், எலி சாபியா, ஷெம்ப்ரி எல்லோரும் கிரகரி காலத்தில் வந்தவர்கள். சீசன் நடுவில் வருகிற கோச்சுக்கு முன்தயாரிப்பு முகாம் கிடையாது, அடுத்த ஆட்டத்துக்கு இன்னும் சில நாள்தான் இருக்கும். டிரெஸ்ஸிங் ரூமில் லிதுவேனியாக்காரர், பிரேசில்காரர், ருமேனியாக்காரர், மிசோரம் பையன், டேராடூன் பையன், நம்ம ஊர்ப் பையன்கள். ஸ்காட்லாந்து உச்சரிப்பு இங்கிலாந்துக்காரனுக்கே பாதிதான் புரியும் என்பார்கள். இதில் போய் "இரண்டு ஸ்டெப் முன்னாடி நில்லு" என்பதை எப்படி எல்லோருக்கும் புரிய வைத்தாரோ.

எப்படியோ புரிந்தது. அதுவரை கோல் போஸ்ட்டுக்கு முன்னால் தடுமாறிக்கொண்டிருந்த அணி திடீரென்று கோலாக அடித்தது, எதிரணிக்கும் தாராளமாகக் கொடுத்தது என்பது வேறு விஷயம். அட்டவணையின் அடியில் கிடந்தவர்கள் நான்காவதாக முடித்தார்கள். வால்ஸ்கிஸ் அந்த சீசனில் 15 கோல் போட்டு, அதிக கோல் அடித்தவருக்கான தங்கக் காலணி விருதை வாங்கினார்.

2020 பிப்ரவரி 29, கோவாவோடு அரையிறுதியின் முதல் ஆட்டம். அந்த சமயம்தான் சித்தப்பா சவூதி வேலையை முடித்துவிட்டு, ஃபைனல் எக்ஸிட் விசா வாங்கிக்கொண்டு ஒரேயடியாக ஊர் திரும்பியிருந்தார், வீட்டில் உட்கார்ந்து உட்கார்ந்து சித்தியோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார். வாங்க சித்தப்பா என்று இழுத்துக்கொண்டு போனேன். அவருக்குக் கால்பந்து தெரியாது. முதல் பாதியில் கோலே இல்லை, அவர் ஆட்டத்தைப் பார்க்கவில்லை, கோட்டுக்குப் பக்கத்தில் நின்று கையை ஆட்டிக் கத்திக்கொண்டிருந்தவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்தாளுக்கு எத்தனை வருஷம் காண்ட்ராக்ட்?"

தெரியாது, இந்த சீசனோடு முடியும்னு நினைக்கிறேன் என்றேன்.

"குடும்பம் இங்கயா, ஊர்லயா?"

அதுவும் எனக்குத் தெரியவில்லை. இத்தனை வருஷம் ஸ்டாண்டில் நின்று கத்தியிருக்கிறேன், முதல் கோச்சான இத்தாலிக்காரர் மாத்தராஸியில் தொடங்கி ஒவ்வொரு கோச்சையும் கொண்டாடியிருக்கிறேன், திட்டியிருக்கிறேன், ஒருவரைப் பற்றியாவது இந்தக் கேள்வி எனக்குத் தோன்றியதில்லை. சித்தப்பாவுக்கு உட்கார்ந்த இருபது நிமிஷத்தில் தோன்றிவிட்டது. "ரிசல்ட் வரலைன்னா டிக்கெட் போட்டுக் கொடுத்து அனுப்பிடுவான் இல்ல?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் தானே "அனுப்பிடுவான்" என்றார்.

இரண்டாம் பாதியில் நம்மாட்கள் நான்கு கோல் போட்டார்கள். 4-1. சித்தப்பா பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத பையனைக் கட்டிப்பிடித்தார். கோவாவில் நடந்த மறு ஆட்டத்தில் 4-2 என்று தோற்றும், இரண்டையும் சேர்த்து 6-5 என்ற கணக்கில் ஃபைனலுக்குள் போனோம். மார்ச் 14 அன்று அந்த ஃபைனல் கோவாவின் ஃபடோர்டாவில் ஆளே இல்லாத ஸ்டேடியத்தில் நடந்தது, கொரோனா. கொல்கத்தாவின் ஏடிகே அணி 3-1 என்று ஜெயித்தது. அன்றைக்குக் கோய்ல் கத்தியது டிவியில் தெளிவாகக் கேட்டது என்பதுதான் எனக்கு ஞாபகம் இருக்கிறது, வேறு சத்தமே இல்லையே.

அப்புறம் அவர் அதே லீக்கில் ஆடுகிற ஜாம்ஷெட்பூர் அணிக்குப் போனார். போனதோடு விட்டாரா, வால்ஸ்கிஸும் அங்கே போய்விட்டார். பர்ன்லிக்காரர்களின் வயிற்றெரிச்சல் அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. 2021-22 சீசன் முழுக்கக் கோவாவிலேயே, ஹோட்டல், பஸ், மைதானம், திரும்ப ஹோட்டல் என்று அடைத்துவைத்து நடத்தினார்கள். களத்தில் வெளிநாட்டு வீரர்கள் நான்கு பேர்தான் என்று விதியும் மாறியிருந்தது, ஆகவே உள்ளூர்ப் பையன்களைத் தேற்றத் தெரியாத கோச்சுக்கு வழியில்லை. அந்த சீசனில் ஜாம்ஷெட்பூர் 20 ஆட்டங்களில் 43 புள்ளி எடுத்து, லீக் சுற்றில் முதலிடம் பிடிப்பவர்களுக்கான ஷீல்டை வாங்கியது. கோய்ல் அதை வாங்கிவிட்டு, குடும்பத்துக்காக ஊருக்குப் போகிறேன் என்று கிளம்பினார். இதைச் சித்தப்பாவிடம் சொன்னபோது "நல்லா இருக்கும்போதே கிளம்பினான் பாரு, அவன் மனுஷன்" என்றார். சித்தப்பாவோ கிளம்ப நினைத்து நான்கு தடவை ரென்யூவல் போட்டவர், அந்தக் கதை எல்லோருக்கும் தெரியும்.

ஒப்பிட்டுப் பார்த்தால் இரண்டு வேலைக்கும் சம்பளம்தான் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம், அதை மறைக்கவில்லை. கோய்ல் யாரோடும் பதினாறு பேராக ஒரே ரூமில் படுக்கவில்லை. ஆனால் மற்றதெல்லாம் ஒன்றுதான்: போகிற இடத்தில் முன்னால் இருந்தவன் வைத்துவிட்டுப் போனதை வைத்து வேலை பார்க்க வேண்டும், பாஷை வராது, வெயில் ஒத்துக்காது, ஊரில் நடக்கிற நல்லது கெட்டது எல்லாம் போனில்தான். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையே மூழ்கியபோது, அரையிறுதியை இங்கே நடத்த முடியாமல் புனேவுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். வேற்றூரில் நின்று 'சொந்த மண்' ஆட்டத்தை ஜெயித்துக் கொடுத்து, பிறகு கோவாவில் கோப்பையையும் தூக்கியது மாத்தராஸியின் அணி. ஜிடானிடம் முட்டு வாங்கியவர் என்றுதான் உலகத்துக்கு அவரைத் தெரியும், எனக்கு அந்த வெள்ள வருஷம்தான் ஞாபகத்துக்கு வரும்.

கோய்ல் 2023-இல் மறுபடி சென்னைக்கு வந்தார். நான் உட்பட எல்லோரும் துள்ளினோம். முதல் வருஷம் ஆறாவது இடம், பிளே-ஆஃபில் கோவாவிடம் 2-1 என்று தோல்வி. இரண்டாவது வருஷம் பதின்மூன்று அணிகளில் பதினொன்றாவது. இந்தத் தடவை ஆட்கள் அவர் காலத்தில் வந்தவர்கள், முகாம் இருந்தது, நேரம் இருந்தது, ஆகவே 2019-இல் நான் சொன்ன எந்தச் சாக்கும் செல்லாது. பின்பக்கம் திறந்துகிடந்தது, அதற்கு அவர்தான் பொறுப்பு. ஸ்டாண்டில் நானும் கத்தினேன். கத்தும்போது சித்தப்பா முகம் ஒரு நொடி வந்து போனது, ஆனாலும் கத்தினேன்.

2025-இல் அவர் கிளம்பியபோது நண்பன் போன் பண்ணி "நான் அப்பவே சொன்னேன்ல" என்றான். அன்று மாலை சித்தப்பாவிடம் சொன்னேன். ஃபேனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு கெபாசிட்டர் மாற்றிக்கொண்டிருந்தார், நிமிரவில்லை.

"மூணாவது தடவை கூப்பிட்டாலும் வருவான்" என்றார். "நானே ஊருக்கு வந்த ஆறாம் மாசம் கஃபீலுக்கு, அதான் அங்க என்னை வேலைக்கு வச்சிருந்த முதலாளிக்கு, போன் போட்டேன். உங்க சித்திகிட்ட சொல்லாத."