பத்தாவது கேள்வி

2011 பிப்ரவரியில் பள்ளிக்கூடத்திலிருந்து ஆசிரியர்கள் எங்களை மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு அனுப்பினார்கள். எனக்கு வந்தது மதுரையில் மகால் பக்கத்துத் தெருக்கள். சௌராஷ்டிரர்கள் நெருக்கமாக வாழும் பகுதி. பெயர், வயது, மதமெல்லாம் மளமளவென்று முடிந்துவிடும். பத்தாவது கேள்வியில்தான் பேனா நிற்கும்: தாய்மொழி.

ஒரு வீட்டுத் திண்ணையில் பாட்டி ஒருவர் சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். மருமகளிடம் சௌராஷ்டிரத்தில் ஏதோ கேட்டார், அவரும் அதிலேயே பதில் சொன்னார். அதே மருமகள் தன் ஏழு வயது மகளிடம் திரும்பி, "சாருக்குத் தண்ணி கொண்டு வா" என்றார், தமிழில். பேத்தியிடம் பாட்டி பேசுவது சௌராஷ்டிரம், பேத்தி திருப்பிச் சொல்வது தமிழ். வீட்டில் யாருக்கும் அது வினோதமாகப் படவில்லை.

பயிற்சி வகுப்பில் சொன்னபடி, குழந்தைப் பருவத்தில் தாய் நம்மிடம் பேசிய மொழியே தாய்மொழி. அப்படிப் பார்த்தால் பிள்ளைக்குத் தமிழ். "தமிழ்னு போட்டுக்கலாமா?" என்றேன். பாட்டி நூலை விட்டுவிட்டு நிமிர்ந்தார். "அதெப்படி சார்? அவளும் எங்க பிள்ளைதானே. சௌராஷ்டிரம்னு எழுதுங்க."

சொன்னதைச் சொன்னபடி எழுத வேண்டும் என்பதும் விதிதான். எழுதினேன். அடுத்த கேள்வி, தெரிந்த பிற மொழிகள். அவள் நாளெல்லாம் பேசும் தமிழ் அங்கே போய் உட்கார்ந்தது.

கல்லூரியில் ஒரு தாள் மானிடவியல் படித்தவன் நான். ஒரு சமூகம் தன்னை எப்படி வகுத்துக்கொள்கிறது, வெளியாள் அதை எப்படி வகுக்கிறான் என்று இரண்டு பக்கம் எழுதி நல்ல மார்க்கும் வாங்கியிருக்கிறேன். அன்று அந்த வெளியாள் நானே. மானிடவியலாளர் மாலினோவ்ஸ்கி பசிபிக் கடலின் டிரோபிரியாண்ட் தீவுகளில் கூடாரம் போட்டு மாதக்கணக்கில் தங்கினார். எனக்கு ஒரு வீட்டுக்கு இருபது நிமிடம்தான்.

கிளம்பும்போது மருமகள் வாசல்வரை வந்தார். "ஸ்கூல்ல கஷ்டப்படக் கூடாதுன்னுதான் சார் தமிழ்ல பேசறோம்." சரிம்மா என்று தலையாட்டிவிட்டு இறங்கினேன். எங்கள் பள்ளிப் பெற்றோர் கூட்டங்களில் "வீட்லயும் தமிழ்ல பேசுங்க, அப்பத்தான் பாடம் ஏறும்" என்று நானே எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! அப்போது அது நல்ல அறிவுரையாகத்தான் தோன்றியது.

மொழிக் கணக்கு 2018இல் வெளியானது. சௌராஷ்டிரம் என்று சொன்னவர்கள் 2,47,702 பேர். அட்டவணையில் அதைக் குஜராத்தியின் கீழ் சேர்த்திருந்தார்கள். பாட்டி பார்த்தால் மறுபடி நூலை விட்டுவிட்டு நிமிர்ந்திருப்பார். தண்ணீர் கொண்டுவந்த அந்தச் சிறுமியும் அந்த எண்ணிக்கைக்குள் இருக்கிறாள்.