ரோட்ரன்னர் கூட்டில் ராத்திரி டூட்டி ஆணுக்கு

அமெரிக்காவின் சொனோரன் பாலைவனத்து ரோட்ரன்னர் குயில் குடும்பம்தான். ஆனால் நம்ம ஊர்க் குயில் மாதிரி அடுத்தவர் கூட்டில் முட்டையைத் தள்ளிவிட்டுப் போகாது. கள்ளியிலோ மெஸ்கீட்டிலோ (சீமைக்கருவேலத்தின் சொந்தம்) 1 முதல் 3 மீட்டர் உயரத்தில் சுள்ளிக் கூடு. உள்ளே புல், இறகு, சிலசமயம் பாம்புச் சட்டை, காய்ந்த சாணி.

ஜோடி சேர ஆண் ஓர் ஓணானையாவது அலகில் தொங்கவிட்டுக்கொண்டு வர வேண்டும். வெறுங்கையோடு வந்தால் கஷ்டம்தான்!

முட்டை பெரும்பாலும் 3 முதல் 6. முதல் முட்டையிலிருந்தே அடைகாப்பதால் குஞ்சுகள் ஒரே நாளில் பொரிவதில்லை. இரை குறைந்தால் கடைசிக் குஞ்சு பிழைப்பது அரிது. சிலசமயம் பெற்றோரே அதைத் தின்றுவிடும்.

ராத்திரிக் குளிரில் பெண் உடல் சூட்டைக் குறைத்துக்கொள்ளும். அடைகாக்கும் ஆண் குறைக்காது, அதனால்தான் அந்த டூட்டி. விடிந்ததும் ரோட்ரன்னர் சூரியனுக்கு முதுகைக் காட்டி இறகைச் சிலிர்த்து நிற்பதைப் பார்க்கலாம்: அடியில் இருக்கும் கறுப்புத் தோல் வெயிலை வாங்கிச் சூடேற்றும்.

தண்ணீர் பெரும்பாலும் இரையின் உடலிலிருந்தே. மிஞ்சும் உப்பு கண்ணருகே உள்ள சுரப்பி வழியாக வெளியேறும்.