பல்லாங்குழியில் போசான்: மூன்று ஞாயிறு, ஒரு டப்பா சீட்டு

கடலூரில் ஆயா வீட்டுப் பரணிலிருந்து பல்லாங்குழிப் பலகையை இறக்கியது விளையாட அல்ல. அச்சு அசல் ஒரே மாதிரியான துகள்கள் குவாண்டம் நிலைகளில் எப்படி அமர்கின்றன என்று படித்துப் படித்து மண்டை காய்ந்துவிட்டது. சரி, கையால் செய்து பார்ப்போம். குழிதான் நிலை, புளியங்கொட்டைதான் துகள்.

முதல் ஞாயிறு, மூன்று குழி, இரண்டு கொட்டை. டப்பாவில் 1, 2, 3 என்று சீட்டு. குலுக்கி எடுத்து, அந்தக் குழியில் கொட்டையைப் போட்டு, சீட்டைத் திரும்ப டப்பாவில் போட வேண்டும். 90 ஆட்டத்தில் இரண்டும் ஒரே குழியில் விழுந்தது 33 தடவை. மூன்றில் ஒரு பங்கு, சரிதான். அப்புறம் ஒரே அளவு, ஒரே நிறக் கொட்டைகளாகப் பொறுக்கி மறுபடி ஆடினேன். 28. எதுவும் மாறவில்லை. எனக்குத்தான் அடையாளம் தெரியவில்லையே தவிர, கொட்டை என்னவோ தனித்தனிதான்.

ஒளித்துகள் போன்ற போசான் வகைத் துகள்கள் அப்படியில்லை. இரண்டையும் இடம் மாற்றி வைத்தால் அது வேறு ஏற்பாடே கிடையாது. அதனால் ஒன்பது (3 × 3) ஏற்பாடுகள் ஆறாகச் சுருங்கும். அதில் மூன்று, ஒரே குழியில் இருப்பவை. ஆக, பாதிக்குப் பாதி! டாக்காவில் இருந்த சத்தியேந்திர நாத் போஸ் 1924-ல் ஒளித்துகள்களை எண்ணியதன் சாரம் இதுதான். அந்தக் கட்டுரையை ஐன்ஸ்டைனே ஜெர்மனில் மொழிபெயர்த்தார்.

கொட்டையை வைத்து இதை எப்படிக் காட்டுவது? இரண்டாம் ஞாயிறு முழுக்க இதிலேயே போனது. வழி சுலபம்தான்: எடுத்த சீட்டைத் திரும்பப் போடும்போது அதே எண்ணில் இன்னொரு சீட்டும் சேர்த்துப் போட வேண்டும். கொட்டை இருக்கும் குழிக்கு மவுசு கூடும். முதல் இருபது ஆட்டம் பழையபடி மூன்றில் ஒன்றே வந்தது. பார்த்தால், புதுச் சீட்டை மட்டும் போட்டு, எடுத்ததை மடியிலேயே வைத்திருந்திருக்கிறேன்! திருத்தியபின் 90-க்கு 41. எடுத்த சீட்டைத் திரும்பப் போடவே இல்லையென்றால் ஃபெர்மியான் என்ற இன்னொரு வகைத் துகள்: ஒரு குழிக்கு ஒரு கொட்டை, 1925-ல் இயற்பியலாளர் பௌலி சொன்ன விதி. எலக்ட்ரான்கள் இந்த ஜாதி.

மூன்றாம் ஞாயிறுதான் சுவாரசியம். பத்துக் கொட்டை. சாதாரண முறையில் பத்தும் ஒரே குழியில் சேர 19,683-ல் ஒரு வாய்ப்பு. போசான் முறையில் 22-ல் ஒன்று. 44 ஆட்டத்தில் மூன்று முறை சேர்ந்தது. ஆயா எட்டிப் பார்த்து, “எல்லாத்தையும் ஒரே குழியில கொட்டிட்டா ஆட்டம் எப்பிடிடா நடக்கும்?” என்றார்.

என் மூன்று குழிக்கும் ஒரே ஆற்றல். வெப்பநிலை என்ற பேச்சே இல்லை. 1995-ல் அமெரிக்காவின் போல்டரில் ருபீடியம் அணுக்களை ஒரே நிலையில் குவிக்க, தனிச்சுழிக்கு (வெப்பநிலையின் அடிமட்ட எல்லை) மேல் ஒரு கெல்வினில் கோடியில் சில பங்கு வரை குளிர்விக்க வேண்டியிருந்தது. அடுத்த ஞாயிறு குழிக்குக் குழி ஆற்றலை மாற்றிப் பார்க்கலாம் என்றிருக்கிறேன், ஆயா பலகையைத் திரும்ப வாங்கிக்கொள்ளாமல் இருந்தால்.